ஆங்கிலத்தில் 'விதர்' என்ற பழஞ்சொல்லுக்கு என்ன பொருள்? எப்படி வந்தது?

எவ்விடத்துக்கு, எதை நோக்கி என்பது பொருள். வெறும் 'எங்கே' என்று எடுத்துக்கொண்டால்தான் தவறு வரும். நகர்ச்சி இருக்கும் இடத்தில் மட்டுமே இது பொருந்தும். 'எங்கே போகிறாய்?' என்று கேட்க விதர் சரி. 'எங்கே இருக்கிறாய்?' என்பதற்கு வழக்கமான ஆங்கிலச் சொல்லான 'வேர்' (where) தான் போட வேண்டும்.

இதைத் தனியாகப் படிக்காதீர்கள், இது ஒன்பது சொற்கள் கொண்ட ஒரு குடும்பம். இருக்கும் இடத்துக்கு ஹியர், தேர், வேர். போய்ச்சேரும் இடத்துக்கு ஹிதர், திதர், விதர். புறப்பட்ட இடத்துக்கு ஹென்ஸ், தென்ஸ், வென்ஸ். முதல் ஒலி ஹ என்றால் இங்கே, த என்றால் அங்கே, வ என்றால் எங்கே. இ, அ, எ என்று சுட்டும் வினாவும் அமைத்துப் பேசும் நமக்கு இதில் மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை.

ஹிதர், திதர், விதர் மூன்றுமே பழைய ஆங்கிலச் சொற்கள். அன்று விதரை 'ஹ்விடர்' என்றார்கள், நடுவில் ட ஒலி. ஃபாதர், மதர் இரண்டிலும் அப்போது ட தான் இருந்தது. 15ஆம் நூற்றாண்டுவாக்கில் எல்லாம் சேர்ந்து மாறின. ஹென்ஸ் வரிசையின் கடைசி 'ஸ்' பின்னால் ஒட்டிய பழைய வேற்றுமை விகுதி. ஒன்ஸ், ட்வைஸ் இரண்டிலும் இருப்பது அதே விகுதி. 'ஸ்' என்பதை 'இஸட்' ஒலியாகப் படித்துவிடாமல் இருக்கத்தான் அதை 'சி, ஈ' போட்டு எழுதினார்கள்.

பிறகு வேர் ஒன்றே மூன்று வேலையையும் பார்க்கத் தொடங்கியதால், விதர் பேச்சிலிருந்து நழுவியது. ஜெர்மனில் அப்படி ஆகவில்லை. வோ, வோஹின், வோஹேர் என்ற மூன்றும் இன்றும் அன்றாடப் பேச்சில் உண்டு.

ஆங்கிலத்தில் விதர் இப்போது பிழைத்திருப்பது பெரும்பாலும் தலைப்புகளில், வினைச்சொல்லே இல்லாமல். நேரு 1933இல் எழுதிய கட்டுரைத் தொடரின் தலைப்பு 'விதர் இந்தியா?' இந்தப் பாணியில் 'இது எங்கே போய் முடியுமோ' என்ற கவலையும் ஒட்டிக்கொண்டு வரும். எழுதும்போது டபிள்யூவுக்கு அடுத்த ஹெச்சை விட்டுவிடாதீர்கள். அது இல்லாத விதருக்கு 'வாடு' என்று பொருள்.

விதரோடு 'டூ' சேர்க்கத் தேவையில்லை, 'க்கு' உள்ளேயே இருக்கிறது. வென்ஸுக்கு முன் 'ஃப்ரம்' போடுவதையும் இலக்கணக்காரர்கள் இதே காரணத்துக்காகத் திட்டுவார்கள். ஆனால் 1611ஆம் ஆண்டு கிங் ஜேம்ஸ் பைபிளின் 121ஆம் சங்கீதத்திலேயே 'ஃப்ரம் வென்ஸ்' இருக்கிறது. என்னைக் கேட்டால் அதைப் பிழை என்று அடிக்க மாட்டேன், மிகை என்று மட்டும் சொல்வேன்.