கொழுந்தனாரின் கேலிக்கு என்ன பதில்?

கேள்வி: வட்டாட்சியர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரியும் என் கொழுந்தனார், குடும்ப விசேஷங்களில் எல்லார் முன்னாலும், "அண்ணிக்கென்ன, கையெழுத்துப் போட்டால் சம்பளம்" என்கிறார். ஆள் பற்றாக்குறையால் இரண்டு சீட் வேலையை நான் ஒருத்தியே பார்க்கிறேன். இதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: 'கோழி மேய்த்தாலும் கவர்மென்டில் மேய்க்க வேண்டும்' என்று சொல்லும் அதே ஊர்தான், அப்படி மேய்ப்பவரைச் சோம்பேறி என்றும் ஏசுகிறது. 2022-இல் குரூப் 4 தேர்வுக்கு 7,301 இடங்களை அறிவித்தபோது சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் அரசு ஊழியரை ஒருமுறையாவது திட்டாதவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் வைக்கப்பட்டதையும், அதற்காக அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 10 சதவீதம் பிடிக்கப்பட்டதையும் நீங்கள் அவரிடம் விளக்கலாம். ஆனால் அந்தக் கணக்கு எடுபடாது. தனியார் துறை என்றால் மென்பொருள் நிறுவனம் மட்டுமல்ல. நாள் முழுவதும் நின்றே துணி எடுத்துப் போடும் ஜவுளிக்கடைப் பெண்களும் அதில் அடக்கம். அவர்கள் உட்கார ஓர் இருக்கை தரவேண்டும் என்பதற்கே 2021-இல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. அந்தப் பெண்கள் உங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டால் அதில் நியாயம் உண்டு. உங்கள் கொழுந்தனாருக்கு அந்த நியாயம் கிடையாது.

இருந்தாலும் கோபத்தின் வேர் சம்பளத்தில் இல்லை, கவுன்டரில் இருக்கிறது என்பது என் எண்ணம். வாரிசுச் சான்றிதழுக்காக நான் ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை அலைந்தேன். போகும்போதெல்லாம் புதிதாக ஒரு தாள் குறைந்தது. மூன்றும் குறைகின்றன என்பது முதல் நாளே அந்த எழுத்தருக்குத் தெரியும். வங்கியின் தொலைபேசியில் அரைமணி நேரம் பாட்டுக் கேட்கும்போது நாம் வங்கியைத்தான் திட்டுகிறோம், எதிர்முனையில் இருப்பவரை அல்ல. தாலுகா அலுவலகத்திலோ, எதிரே உட்கார்ந்திருப்பவர்தான் அரசாங்கம். ஒருவர் கேட்ட லஞ்சத்துக்கான வசவும் அடுத்த நாள் உங்கள் மேஜைக்கே வந்து சேர்கிறது.

ஆகவே துறை முழுவதற்கும் நீங்கள் வக்காலத்து வாங்காதீர்கள். அடுத்த முறை, "தம்பி, நீங்கள் எந்த ஆபீஸில் அலைந்தீர்கள்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு கதை வரும். அதில் தவறு நடந்திருந்தால் தவறு என்றே ஒப்புக்கொண்டு, அதன்பின் உங்கள் இரண்டு சீட்டைப் பற்றிச் சொல்லுங்கள். அலுவலகத்திலும், குறைகிற தாள்கள் அத்தனையையும் ஒரே துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே அப்படி எழுதிக் கொடுப்பவராக நீங்கள் இருந்தால் என்னை மன்னியுங்கள்.

அதன் பிறகும் சபையில் கேலி தொடர்ந்தால், அது அரசு வேலை பற்றிய பேச்சல்ல, அண்ணியை மட்டம் தட்டும் பேச்சு. அதை நிறுத்தச் சொல்ல வேண்டியவர் அவருடைய அண்ணன். அந்த நேரத்தில் உங்கள் கணவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதை மட்டும் நீங்கள் எழுதவில்லையே?