பக்கத்து பெர்த்காரர் பற்ற வைத்தால்…

(34 ஆண்டுகள் ரயில்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர்களின் பயணச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறார்.)

சென்ற மாதம் அம்மாவுடன் சென்னைக்கு இரவு ரயிலில் ஸ்லீப்பர் பெட்டியில் வந்தேன். 1, 4 எங்கள் பெர்த். கதவோரம் நின்று இருவர் மாற்றி மாற்றி சிகரெட் பிடித்தார்கள். அம்மாவுக்கு ஆஸ்துமா. சொன்னால் சண்டைக்கு வருவார்களோ என்று பேசாமல் இருந்துவிட்டேன். யாரிடம் சொல்லியிருக்க வேண்டும்? – வாசகி, விருதுநகர்

1, 4 என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. லோயர் பெர்த் கிடைத்த சந்தோஷமெல்லாம் கழிவறைக் கதவு திறக்கும் வரைதான். ரயிலில் புகை பிடிப்பவர் நிற்கும் இடங்களும் மூன்றே: கதவு, கழிவறை, இரண்டு பெட்டிகள் சேரும் இடம். அங்கிருந்து காற்று நேராக உங்கள் பக்கம்தான் வரும்.

நீங்கள் அவர்களிடம் மோதாதது சரி, யாரிடமும் சொல்லாததுதான் தப்பு. டிடிஇ கண்ணில் பட்டால் அவரிடம் சொல்லுங்கள். படவில்லை என்றால் அம்மாவைத் தனியே விட்டுவிட்டு அவரைத் தேடி நடக்க வேண்டாம். இரவில் ஒருவரே பல பெட்டிகளைப் பார்ப்பார், எங்கே இருப்பார் என்று சொல்ல முடியாது. ரயில்வே உதவி எண் 139-க்கு போன் செய்யுங்கள், அல்லது ரயில்மதத் செயலியில் பதிவு செய்யுங்கள். பிஎன்ஆர் எண் கையில் இருக்கட்டும்.

புகாரை எப்படிச் சொல்கிறீர்கள் என்பது முக்கியம். 'ஒருத்தர் புகை பிடிக்கிறார்' என்று மட்டும் தகவல் வந்தால், நாங்கள் போய்ச் சேர்வதற்குள் துண்டு தண்டவாளத்தில் கிடக்கும், ஆள் போர்வைக்குள் இருப்பார். 'எஸ்-4, 1ஆம் நம்பர் பக்கத்துக் கதவு, நீலச் சட்டை, இப்போதும் நிற்கிறார், அம்மாவுக்கு மூச்சுத் திணறல்' என்று வந்தால் ஓடித்தான் ஆக வேண்டும். அடுத்த ஸ்டேஷனில் ரயில்வே பாதுகாப்புப் படையினரும் ஏறலாம். போனை நீட்டி வீடியோ எடுக்காதீர்கள். நான் பார்த்த கைகலப்புகளில் பாதி அதில் தொடங்கியவைதான்.

சொன்னது யார் என்று தெரிந்துவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. நான் ஒரு வேலை செய்வேன். பெட்டியின் மறுகோடியில் ஏறி, எல்லோரிடமும் டிக்கெட் கேட்டபடியே கதவு வரை வருவேன். தற்செயலாகப் பார்த்தது போல இருக்கும். பல சமயம் அவர்களிடம் வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்தான் இருக்கும், அது தனிக் கணக்கு.

ரயிலில் புகை பிடித்தால் அபராதம் 100 ரூபாயா, 200 ரூபாயா? – வாசகர், திருவாரூர்

இரண்டும் உண்டு. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 167ஆவது பிரிவில் 100 ரூபாய் வரை. 2003ஆம் ஆண்டு புகையிலைச் சட்டத்தின் 21ஆவது பிரிவில் 200 ரூபாய் வரை. இதற்கு யார் பயப்படுவார்கள் என்று கேட்பீர்கள், நியாயம்தான். ஆனால் விஷயம் 200 ரூபாயோடு முடிவதில்லை. 2021 மார்ச்சில் டெல்லி – டேராடூன் சதாப்தியில் ஒரு பெட்டி முழுக்க எரிந்தது. கழிவறைக் குப்பைத் தொட்டியில், டிஷ்யூ காகிதங்களுக்கு நடுவே விழுந்த பீடியோ சிகரெட்டோதான் காரணமாக இருக்கலாம் என்று முதற்கட்ட விசாரணையில் சொன்னார்கள். உயிர்ச்சேதம் இல்லை. புகை நாற்றத்தைவிட அந்தத் தொட்டிதான் எனக்கு பயம்.

'இது புகை இல்லை, ஆவிதான்' என்று கல்லூரி படிக்கும் என் மகன் இ-சிகரெட் வைத்திருக்கிறான். ரயிலில் பிடித்தால் தப்பா? – வாசகர், ஈரோடு

ரயிலை விடுங்கள், அது அவன் கைக்கு எப்படி வந்தது? 2019 முதல் இந்தியாவில் இ-சிகரெட் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, விளம்பரம் செய்வது எல்லாமே தடை. முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இருப்பு வைத்தால் ஆறு மாதம் வரை சிறையோ 50,000 வரை அபராதமோ இரண்டுமோ. நண்பர்களுக்கும் நாலு வாங்கி வருகிறேன் என்று கிளம்பினால் எங்கே போய் நிற்கும் என்று சொல்லி வையுங்கள்.

அப்புறம், வந்தே பாரத் கழிவறையில் இருக்கும் கருவிக்கு ஆவி, புகை என்ற தர்க்கம் புரியாது. 2023 ஆகஸ்டில் திருப்பதி – செகந்திராபாத் வந்தே பாரத்தில் டிக்கெட் இல்லாத ஒருவர் கழிவறைக்குள் சிகரெட் பற்ற வைக்க, அலாரம் அடித்து, தீயணைப்புப் பொடி பறந்து, ரயிலே நின்றது.

ஹோட்டலில் யாராவது புகை பிடித்தால்? – வாசகி, தேனி

என் எல்லைக்கு வெளியே போகிறீர்கள். சரி, சுருக்கமாக: 2008 அக்டோபர் 2 முதல் நடப்பில் இருக்கும் விதிகளின்படி, புகைத் தடைப் பலகையில் யாரிடம் புகார் செய்வது என்ற பெயர் இருக்க வேண்டும். அவரிடம் சொல்லியும் கண்டுகொள்ளவில்லை என்றால் அபராதம் பொறுப்பாளர் தலையிலும் விழும்.

நீங்கள் புகை பிடித்ததுண்டா? – வாசகர், காரைக்குடி

உண்டு. 1991இல், டிடிஇ கோட்டைக் கழற்றிக் கையில் மடித்துக்கொண்டு கதவோரம் பற்ற வைத்தேன். ஒரு பாட்டி வந்து, "தம்பி, அணைக்கிறியா, இல்ல கறுப்புக் கோட்டுக்காரரைக் கூட்டிட்டு வரட்டுமா?" என்றார். அணைத்துவிட்டு, அவர் தூங்கும் வரை அந்தப் பெட்டியில் டிக்கெட் பார்க்கப் போகவில்லை.