சிங்கப்பூர் குரூஸில் நான்கு பேர் ஒரே உள் கேபினில் தங்க முடியுமா?

கேள்வி: கணவன், மனைவி, 9 வயது மகள், 3 வயது மகன். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நான்கு இரவு குரூஸ். ஜன்னல் இல்லாத உள் கேபின் ஒன்றிலேயே நால்வரும் சமாளிக்கலாமா, இல்லை பால்கனி கேபினுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது நல்லதா?

சமாளிக்கலாம். "நாலு பெர்த் சார், தாராளமா இருக்கும்" என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார், நீங்களும் முன்பணம் கட்டியிருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாலு பெர்த் இருப்பது நிஜம்தான். தாராளம் என்பதை ஏஜென்ட் காட்டிய படத்தை எடுத்த கேமராவிடம்தான் கேட்க வேண்டும். மூலையில் நின்று வைட் ஆங்கிள் லென்ஸில் எடுத்தால் மளிகைக்கடை குடோனும் மண்டபமாகத் தெரியும்.

"ரூம்ல தூங்கத்தானே போறோம், பகல் பூரா வெளியேதானே இருப்போம்" என்று கீழே கமென்டில் யாராவது எழுதுவார்கள். கல்யாணமான புதுசில் இரண்டு பேராகப் போனவர்கள் சொல்வது அது. மூன்று வயதுக் குழந்தைக்கு மதியத் தூக்கம் உண்டு. நீச்சல் குளத்துக்குப் போய் வந்தால் ஒவ்வொரு முறையும் குளியல், உடை மாற்றல். இரவு எட்டரைக்குக் கண் சொக்கும். கூட்டிப் பார்த்தால் ஒரு நாளில் பாதிக்கு மேல் யாராவது ஒருவர் அறைக்குள்தான் இருப்பார்.

கட்டில் கணக்கை விட்டுவிட்டுத் தரைக் கணக்கைப் பாருங்கள். பெரிய கப்பல்களில் உள் கேபின் பெரும்பாலும் 140 முதல் 185 சதுர அடி, பாத்ரூமும் சேர்த்து. 160 என்று வைத்துக்கொண்டால் பத்துக்குப் பதினாறு. பாத்ரூம் 25 முதல் 30 வரை எடுத்துக்கொள்ளும். சேர்த்துப் போட்ட கட்டில் 40 சதுர அடி. அலமாரி, மேசை, சோபா, வாசல் நடை எல்லாம் போக, கால் வைக்க மிஞ்சுவது கட்டிலைச் சுற்றி ஒன்றரை அடி அகல இடைவெளியும் சோபாவுக்கு முன்னால் ஒரு பாய் விரிக்கும் இடமும்தான். இரவில் சோபாவை இழுத்துக் கட்டிலாக்கினால் அந்தப் பாய் இடமும் போச்சு. அப்புறம் பாத்ரூம் போக எழுபவர் இன்னொருவர் காலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கப்பல் பழசாக இருந்தால் இதிலும் குறையும். சென்னையிலிருந்து போன கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ், 1990-ல் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் வந்த கப்பல். அந்தக் காலத்து உள் கேபின்கள் சின்னவை. சிங்கப்பூரிலிருந்து போகும் ஜென்டிங் ட்ரீம் 2016-ல் கட்டியது. அதனால் கப்பலின் பெயரைக் கேட்பதோடு நிறுத்தாமல், உங்களுக்குத் தரும் கேபின் எண், அதன் சதுர அடி, நாலு பெர்த்தும் எந்த வகை என்று மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பெர்த் வகை ஏன் முக்கியம் என்றால், சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ மடித்து இறக்கும் மேல்கட்டில் தரையைத் தின்னாது. ரயில் அப்பர் பெர்த் மாதிரிதான். சோபா கட்டில் தின்னும். நாலு பேர் என்றால் இரண்டு கீழ்க்கட்டில், இரண்டு மேல்கட்டில் உள்ள அறைதான் வசதி. இதில் ஒரு சிக்கல் உண்டு. மேல்கட்டில் இரண்டும் இறங்க வேண்டுமானால் பல அறைகளில் கீழ்க்கட்டில்களைப் பிரித்துச் சுவரோரம் தள்ள வேண்டும். சேர்த்தே போட்டிருந்தால், எழும்போது நெற்றி மேல்கட்டிலின் விளிம்பில் இடிக்கும். ஒன்பது வயதுக்காரி மேலே படுக்கலாம். ஆறு வயதுக்குக் குறைந்தவர்களை மேலே ஏற்ற வேண்டாம் என்பது பொதுவான விதி. மூன்று வயதுப் பையன் கீழே, சுவர்ப் பக்கம், அம்மாவோ அப்பாவோ அணைப்பாக. தொட்டில் கட்டில் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டால் பெரும்பாலும் இலவசமாகத் தருவார்கள். ஆனால் அது சுமார் நாலடி நீளம், இரண்டேகால் அடி அகலம். விரித்தால் அலமாரிக் கதவு திறக்காது.

நாலு பெர்த் அறை காலியாக இருந்தும் "இரண்டு பேருக்குத்தான் தர முடியும்" என்று புக்கிங்கில் வரும். ஏஜென்ட் ஏமாற்றுகிறார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். ஒவ்வொரு கேபினும், ஆபத்து நேரத்தில் வந்து நிற்க வேண்டிய ஒரு கூடுமிடத்தோடும் உயிர்காப்புப் படகோடும் கட்டப்பட்டிருக்கும். அந்தப் படகின் எண்ணிக்கை நிரம்பிவிட்டால் மூன்றாவது, நாலாவது ஆளைச் சேர்க்க மாட்டார்கள். கைக்குழந்தையும் அங்கே ஒரு முழு ஆள். பள்ளி விடுமுறையில் இது சீக்கிரம் நிரம்பும்.

இனி பால்கனி. என்னைக் கேட்டால், நாலு பேர் ஒரு பால்கனி கேபினில் போவதைவிட, நடுவில் கதவுள்ள இரண்டு உள் கேபின்கள் மேல். இரண்டு பாத்ரூம், இரண்டு அலமாரி, மேல்கட்டில் இறக்கவே வேண்டாம். மூன்றாவது, நாலாவது ஆளுக்குக் கட்டணம் குறைவு என்று காட்டுவார்கள். துறைமுகக் கட்டணமும் வரியும் குறையாது. டிப்ஸும் தலைக்கு இத்தனை டாலர் என்று நாள்தோறும் ஏறும், மூன்று வயதுப் பிள்ளைக்கும் சேர்த்து. எல்லாவற்றையும் கூட்டிய கடைசித் தொகையை வைத்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கலாம். புக்கிங்கில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு பெரியவர் பெயர் இருந்தாக வேண்டும். ஆகவே அப்பாவும் ஒரு பிள்ளையும், அம்மாவும் ஒரு பிள்ளையும் என்று போட்டுவிட்டு, ஏறியதும் சேவை மேசையில் இரண்டு அறைக்கும் சாவி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "எந்த அறை கிடைத்தாலும் சரி" என்ற மலிவு வகையை மட்டும் இரண்டு அறைக்குப் போடாதீர்கள். ஒன்று ஐந்தாம் தளத்திலும் இன்னொன்று பத்தாம் தளத்திலும் வந்து நிற்கும்.

பால்கனிக்கு ஒரு நியாயம் உண்டு, மறுக்கவில்லை. பிள்ளைகள் எட்டரைக்குத் தூங்கிவிட்டால் பெரியவர்கள் உட்கார ஓர் இடம். உள் கேபினில் அதற்குப் பிறகு இருட்டில் போன் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். ஆனால் மூன்று வயதுப் பையன் இருந்தால் பால்கனிக் கதவின் மேல் தாழ்ப்பாளை எப்போதும் போட்டு வையுங்கள். நாற்காலிகளைக் கம்பியோரம் விடாதீர்கள், ஏறிவிடுவான். கதவைத் திறந்து வைத்தால் பல கப்பல்களில் ஏசி தானாக நின்றுவிடும். துணி காயப்போடவும் கூடாது.

எங்கே கேபின் எடுப்பது? நடுக்கப்பலில், கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு. அதைவிட முக்கியம், தள வரைபடத்தில் உங்களுக்கு மேலும் கீழும் கேபின்களே இருக்கிறதா என்று பார்ப்பது. மேலே பஃபே இருந்தால் விடிகாலையில் நாற்காலி இழுக்கும் சத்தம். கீழே தியேட்டர் இருந்தால் நள்ளிரவு வரை அதிர்வு. முன்முனையில் துறைமுகம் சேரும் காலைகளில் நங்கூரச் சங்கிலியே அலாரம். ஒரே அறைதான் எடுக்கிறீர்கள் என்றால் நடுக்கதவுள்ள அறையைத் தவிருங்கள். பக்கத்து அறைக்காரரின் தும்மல்கூட அந்தக் கதவு வழியாக வரும்.

பெட்டி. இதில்தான் நம்மவர்கள் தோற்கிறார்கள். இரண்டாகப் பிளந்து திறக்கும் கெட்டி சூட்கேஸ் ஒன்றைத் திறக்க அதைப்போல் இரண்டு மடங்கு தரை வேண்டும். மேல்மூடி மட்டும் திறக்கும் துணிப்பெட்டி, கட்டில் மேலேயே திறந்துகொள்ளும். நாலு பேருக்கு நாலு இரவுக்கு நடுத்தர அளவில் இரண்டு போதும். முதல் நாளே எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் அடுக்கிவிட்டு, காலிப் பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்று வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளுங்கள். ஆளுக்கு ஒரு துணிப்பை, அதில் அவரவர் ஒரு நாள் உடை. பிள்ளை தன் பையை மட்டும் இழுத்தால் மற்ற மூன்று பேர் துணி கலையாது. கப்பலில் ஏறும்போது பெரிய பெட்டியை வாங்கிக்கொண்டு, பல மணி நேரம் கழித்துத்தான் அறை வாசலில் வைப்பார்கள். நீச்சல் உடை, மருந்து, பிள்ளைக்கு ஒரு மாற்றுடை, மூன்றும் கைப்பையில் இருக்கட்டும்.

கேபின் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு. தீப்பாதுகாப்புக்காக உள்ளே கனிமப் பஞ்சை வைத்து, வெளியே தகடு போர்த்திச் செய்த பலகைகள். ஆகவே காந்தக் கொக்கி ஒட்டும். எட்டு முதல் பத்து வரை வாங்கிப் போங்கள். தொப்பி, கைப்பை, சாவி அட்டை, ஈரத் துண்டு எல்லாம் சுவரில் ஏறிவிடும், தரை காலியாகும். கண்ணாடி, மரச்சட்டம் உள்ள இடங்களில் ஒட்டாது. பசை டேப் ஒட்ட வேண்டாம், பெயின்ட் உரிந்தால் பணம் கேட்பார்கள்.

மின்சாரம். கேபின்களில் பெரும்பாலும் அமெரிக்கத் தட்டைப் பின்னுக்கு 110 வோல்ட் துளை ஒன்றும், ஐரோப்பிய உருண்டைப் பின்னுக்கு 220 வோல்ட் துளை ஒன்றும் இருக்கும். நம் ஊர் போன் சார்ஜரின் மெல்லிய இரண்டு பின் ஐரோப்பியத் துளையில் போகும். லேப்டாப்பின் தடித்த மூன்று பின் போகாது, அடாப்டர் வேண்டும். நாலு போனுக்கு, பல யுஎஸ்பி வாய்கள் உள்ள ஒரே சார்ஜர் போதும். சர்ஜ் புரொடெக்டர் (திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் கருவி) உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியை ஸ்கேனிலேயே எடுத்துவிடுவார்கள். கப்பல் மின்சாரம் நம் வீட்டு மின்சாரம் மாதிரி ஒரு கம்பியைத் தரையோடு இணைத்தது கிடையாது. அந்தப் பாதுகாப்புக் கருவியே அங்கே சூடாகித் தீப்பிடிக்கலாம். சில நிறுவனங்கள் சாதாரண எக்ஸ்டென்ஷனையும் விடுவதில்லை. எலக்ட்ரிக் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி, ஊதுபத்தி, கற்பூரம், மெழுகுவத்தி எதற்கும் அனுமதி இல்லை. "குழந்தைக்குக் கஞ்சி வைக்கத்தானே" என்று வாதாடிப் பயனில்லை. ஆசியாவிலிருந்து கிளம்பும் சில கப்பல்களில் அறையிலேயே கெட்டில் வைத்திருப்பார்கள், கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அறையில் உள்ள குளிர்பெட்டி லேசான குளிர்ச்சிதான் தரும். இன்சுலின் மாதிரி மருந்து இருந்தால் தனி ஏற்பாடு கேளுங்கள்.

பாத்ரூமில் ஹெல்த் ஃபாசெட்டை எதிர்பார்க்காதீர்கள். ஒரு சின்ன மக் அல்லது மூக்கு வைத்த பிளாஸ்டிக் பாட்டில் எடுத்துப் போங்கள். தண்ணீரை ஷவர் இடத்துக்குள்ளேயே ஊற்றுங்கள். வெளித்தரை நனைந்தால் சீக்கிரம் காயாது. கழிப்பறை காற்றை உறிஞ்சி இழுக்கும் வகை. மூடியை மூடிவிட்டு அழுத்துங்கள். அந்தச் சத்தத்துக்குச் சின்னப் பிள்ளைகள் பயந்து அப்புறம் போகவே மறுப்பார்கள், முதல் நாளே பழக்கிவிடுங்கள். ஈரத் துடைப்புத்தாள், நாப்கின், டயாபர் எதையும் உள்ளே போடக் கூடாது. குழாய் அடைத்தால் பக்கத்து அறைகளுக்கும் சேர்ந்து அடைக்கும். வாசலில் உள்ள உயரப் படி இருட்டில் கால் விரலைப் பதம் பார்க்கும். காலையில் நாலு பேரும் வரிசையில் நிற்க வேண்டாம். உடற்பயிற்சிக்கூடம், ஸ்பா பக்கத்து உடைமாற்றும் அறைகளில் ஷவர் இருக்கும். பெரியவர் ஒருவர் அங்கே குளித்துவிட்டு வரலாம்.

உள் கேபினில் விளக்கை அணைத்தால் கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான். மணி பத்தானாலும் பிள்ளைகள் எழமாட்டார்கள். பேட்டரி இரவு விளக்கு ஒன்று போதும். பல கப்பல்களில் டிவியில் முன்பக்கக் கேமரா சேனல் ஒன்று உண்டு. சத்தத்தை அணைத்து அதை ஓடவிட்டால் இரவில் லேசான வெளிச்சம், காலையில் விடிந்தது தெரியும். அதுவே உங்கள் ஜன்னல்.

முதல் நாள் அறையைக் கவனிக்கும் ஸ்டூவர்ட் வந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள்: கட்டிலைப் பிரிக்கணுமா சேர்க்கணுமா, மேல்கட்டிலை எத்தனை மணிக்கு இறக்கணும், பகலில் மடக்கணும், ஹேங்கர் கூடுதலாக, பிள்ளைக்கு உயிர்காப்பு அங்கி. ஒருவருக்கு வாந்தி பேதி என்றால் மருத்துவ மையத்துக்குச் சொல்லுங்கள், மறைக்காதீர்கள். இத்தனை சின்ன அறையில் அது மற்ற மூவருக்கும் வர ஒரு நாள் போதும். கப்பல்களில் வாந்தி பேதியைப் பரப்பும் நோரோவைரஸுக்கு சானிடைசர் சரியாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். குரூப்பாக வருபவர்கள் வரிசையாக எட்டு ரூம் எடுத்து, எல்லாக் கதவுக்கும் செருப்பை முட்டுக்கொடுத்து, நடுராத்திரி வரை நடைபாதையில் சீட்டாடுவது என்ன பழக்கம்? கதவு தானாக மூடிக்கொள்வது தீயும் புகையும் பரவாமல் இருக்க. கேட்டால் "நம்ம ஆளுங்கதானே" என்கிறார்கள். நம்ம ஆளுங்கள் குழந்தைதான் எதிர் அறையில் தூங்காமல் அழுகிறது.

கடைசி இரவு பெரிய பெட்டிகளை வெளியே வைக்கச் சொல்வார்கள், அவை மறுநாள் கரையில்தான் கிடைக்கும். காலையில் போட்டுக்கொள்ளும் உடையும் செருப்பும் உள்ளேயே இருக்கின்றனவா என்று நாலு பேருக்கும் தனித்தனியாகப் பாருங்கள். லாக்கர், குளிர்பெட்டி, ஷவரில் இழுத்துக் கட்டிய துணிக்கொடி, கட்டிலுக்கு அடி எல்லாம் பார்த்தபிறகு, மேல்கட்டிலை மடக்குமுன் மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கை விட்டுத் துழாவுங்கள். பிள்ளைகளின் ஒற்றைச் சாக்ஸ் எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கும்.