வெட்டலாமா, வைக்கலாமா? பேய்ப் பெயர் வாங்கிய செடிகள்

சென்ற இதழில் ஏழிலைப்பாலை பூக்கும் பருவத்தைப் பற்றி எழுதியபோது, ஆங்கிலத்தில் அதைப் பிசாசு மரம் என்று சொல்வார்கள் என ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி. கல்லூரியில் தாவரவியல் நடத்திய காலத்திலும் மாணவிகள் மனதில் முதலில் ஒட்டிக்கொள்வது இந்த மாதிரிப் பெயர்கள்தான். ஆனால் வந்த கடிதங்கள் ஆர்வத்துக்காக எழுதியவை மட்டும் அல்ல. மரத்தை வெட்டலாமா, சாற்றைக் குடிக்கலாமா, மாத்திரை வாங்கலாமா என்று உடனே முடிவெடுக்க வேண்டியவையும் இருந்தன. அவற்றுக்கு முன்னுரிமை கொடுத்திருக்கிறேன்.

எங்கள் தெருமுனையில் நன்றாக வளர்ந்த ஏழிலைப்பாலை ஒன்று நிற்கிறது. உங்கள் குறிப்பைப் படித்த பிறகு, 'பிசாசு மரம் வீட்டுக்கு எதிரே ஆகாது, வெட்டிவிடலாம்' என்று தெருவில் பேச்சு எழுந்திருக்கிறது. என்ன சொல்வது? (வாசகி, தஞ்சாவூர்)

வெட்ட விடாதீர்கள் அம்மா. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பொது இடத்து மரத்தை நினைத்தபடி வெட்டவும் முடியாது, அதற்கு முறையான அனுமதி வேண்டும்.

இந்த மரம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொத்துக்கொத்தாக வெளிர்பச்சைப் பூ விடும். பொழுது சாய்ந்த பிறகு மணம் தெரு முழுக்க இறங்கும். ஒடித்தால் பால் வடியும். இரவில் கனத்த மணம், உடம்பில் பால், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் ஓங்கிய உருவம். கேரளத்தில் யட்சி குடியிருக்கும் மரம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய ஊர்களில் இதன் நிழலில் படுக்கவே அஞ்சியவர்கள் உண்டு.

சரி, அதே மரத்தைக் கொஞ்சம் வடக்கே போய்ப் பாருங்கள். மங்களூர், உடுப்பிப் பக்கம் துளு பேசும் மக்கள் ஆடி அமாவாசை அன்று விடியும் முன்னே இதன் பட்டையை எடுத்துவந்து கஷாயம் வைத்துக் குடிக்கிறார்கள். மேற்கு வங்கத்துக்கு இதுதான் மாநில மரம். சாந்திநிகேதனில், தாகூர் தொடங்கிய விஸ்வபாரதி பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவில் மாணவர்களுக்குக் கொடுத்துவந்தது இதன் இலைக்கொத்துதான். தாவரவியல் பெயரில் உள்ள 'ஸ்காலரிஸ்' பள்ளிக்கூடத்தைக் குறிக்கிறது. இதன் மென்மரப் பலகையில் பிள்ளைகள் எழுதிப் பழகியதால் வந்த பெயர் அது. ஓர் ஊரில் அச்சம், இன்னோர் ஊரில் மருந்து, மற்றோர் ஊரில் படிப்பு. மரம் ஒன்றேதான்.

தெருவில் ஆஸ்துமாக்காரர்களோ ஒற்றைத் தலைவலிக்காரர்களோ இருந்தால் அவர்கள் சொல்வதை மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள். பூக்கும் வாரங்களில் இந்த மணம் சிலருக்கு உண்மையிலேயே ஒத்துக்கொள்வதில்லை. மாலையில் சன்னலைச் சாத்துவதும், பூத்து முடிந்ததும் வீட்டுப் பக்கம் நீளும் கிளைகளைக் கழிப்பதும் போதும். அப்புறம் ஒரு எச்சரிக்கை: துளு மக்கள் குடிக்கிறார்களே என்று யாரும் பட்டையைச் சீவ வேண்டாம். தவறான மரத்தில் பட்டை எடுத்து உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

வேலியில் தானாக முளைத்த சுரைக்கொடி ஒன்று காய்த்திருக்கிறது. பாட்டி அதைப் பேய்ச்சுரை என்கிறார். சர்க்கரை நோய்க்குக் கசப்பு நல்லது என்கிறார்களே, சாறு பிழிந்து குடிக்கலாமா? (வாசகர், திண்டுக்கல்)

கூடாது. ஒரு மடக்கு கூடக் கூடாது. பாட்டி சொல்வதைக் கேளுங்கள்.

பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல், பேய்க்கொம்மட்டி என்று நம் சம்சாரிகள் வைத்த பெயர்கள் எல்லாம் பூசணிக் குடும்பத்துக் காட்டுக்கொடிகள். தோட்டத்துக் காய் மாதிரியே இருக்கும், ஆனால் சட்டிக்கு ஆகாது என்பதை ஒரே சொல்லில் பிள்ளைகளுக்கும் புரியும்படி சொல்லி வைத்தார்கள். இந்தப் 'பேய்'க்கு நான் மிகுந்த மரியாதை கொடுப்பேன். ஏனென்றால் இது உயிர் காக்கும் பெயர்.

கசப்புக்குக் காரணம் குக்கர்பிட்டாசின் என்ற சேர்மங்கள். பூச்சியும் ஆடுமாடும் தின்றுவிடாமல் இருக்கச் செடி உண்டாக்கிக்கொள்வது. சமைத்தாலும் முழுதாகப் போகாது. உள்ளே போனால் குடலைப் புண்ணாக்கி வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்த வாந்தி வரை கொண்டுபோகும், ரத்த அழுத்தம் சரியும். நம் நாட்டில் கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து இறந்தவர்கள் உண்டு. அதன் பிறகுதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து விசாரித்தது. அந்தக் குழுவின் அறிக்கை 2012இல் வெளியானது. கசக்கும் காயைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும், இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது என்பதே அதன் சாரம். கடையில் வாங்கிய நல்ல சுரைக்காயும் சில சமயம் கசக்கும். நறுக்கும்போது ஒரு சிறு துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து, கசந்தால் துப்பிவிட்டு வாயைக் கொப்பளியுங்கள். காய் முழுவதையும் குப்பையில் போடுங்கள், பாதியை நறுக்கிப் பார்க்க வேண்டாம்.

வீட்டில் விதை எடுப்பவர்களுக்கு ஒரு விஷயம். பேய்ச்சுரை பக்கத்தில் இருந்தால் பூச்சிகள் மகரந்தத்தை மாற்றிவிடும். இந்த வருடத்துக் காய் கசக்காது, அந்த விதையில் முளைக்கும் அடுத்த கொடியில்தான் கசப்பு தெரியும். அதனால் உங்கள் வேலிக்கொடியை மேலும் பூக்க விடாமல் இப்போதே பிடுங்கிவிடுவது தோட்டத்துக்கும் நல்லது.

மணிபிளான்ட்டுக்கு வெளிநாட்டில் 'பிசாசுக் கொடி' என்று பெயராமே. வீட்டுக்குள் வைக்கலாமா? (வாசகி, ஆவடி)

தாராளமாக வைக்கலாம். இருட்டு மூலையில் வைத்தாலும் வாடாமல் பச்சையாகவே நிற்கும், நறுக்கிப் போட்டாலும் தழைக்கும். அந்த அழியாத்தன்மைக்குக் கிடைத்த பெயர் அது. பசிபிக் கடலில் டாஹிட்டிக்குப் பக்கத்திலுள்ள மொரியா தீவுதான் இதன் தாயகம். இலையில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருப்பதால் கடித்தால் வாய் எரியும், வீங்கும். தவழும் குழந்தையோ பூனையோ இருந்தால் எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். தோட்டத்து மண்ணில் மட்டும் இறக்கி விட்டுவிடாதீர்கள், மரமெல்லாம் ஏறி மூடிவிடும்.

மூட்டுவலிக்கு 'டெவில்ஸ் கிளா' என்று ஒரு மாத்திரையை இணையத்தில் பார்த்தேன். எங்கள் ஊர்த் தரிசில் கிடக்கும் புலிநகக் காய்க்கும் இதே பெயர் போட்டிருக்கிறார்கள். அதையே இடித்துச் சாப்பிடலாமா? (வாசகர், விருதுநகர்)

இரண்டும் வேறு வேறு செடிகள் ஐயா. பெயரை நம்பி மருந்து எடுப்பதில் உள்ள ஆபத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மாத்திரையில் இருப்பது ஆப்பிரிக்காவின் கலஹாரி மணற்காட்டுச் செடி. நமீபியா, போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் வளர்வது. அதன் காயில் சுற்றிலும் வளைந்த கொக்கிகள், விலங்குகளின் காலில் மாட்டிக்கொண்டு பரவும். மருந்தாவது அந்தக் காய் அல்ல, மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. விவரம் தெரிந்த அந்த ஊர்ப் பழங்குடியினரான சான் மக்கள் நடுவேரைத் தொடாமல் பக்கக் கிழங்கை மட்டும் எடுத்துவிட்டுக் குழியை மூடுவார்கள். செடி பிழைத்துக்கொள்ளும். நம் எள்ளும் ஆனைநெருஞ்சிலும் இதே குடும்பம்தான்.

புலிநகம் மெக்சிகோப் பக்கத்திலிருந்து வந்து இங்கே பரவிய செடி, குடும்பமும் வேறு. காயின் முனையில் இரண்டு கொக்கி இருப்பதால் அதற்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதை இடித்துச் சாப்பிட வேண்டாம். ஆப்பிரிக்க மாத்திரையையும் மருத்துவரிடம் கேட்காமல் வாங்காதீர்கள். வயிற்றுப்புண், பித்தப்பைக் கல் உள்ளவர்களுக்கு அது ஆகாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் கண்டிப்பாகத் தொடக் கூடாது.

பேய்மிரட்டி இலையைத் திரியாகப் போட்டால் பச்சையாகவே எரிகிறது. அது எப்படி? (கல்லூரி மாணவர், மதுரை)

எரிவது எண்ணெய் தம்பி. இலை தடிப்பானது, மேலெல்லாம் அடர்ந்த ரோமம். சுருட்டி எண்ணெயில் தோய்த்தால் பஞ்சுத்திரி செய்யும் வேலையைச் செய்கிறது. எண்ணெய் ஏறிக்கொண்டிருக்கும் வரை இலை சட்டென்று கருகாது. எண்ணெய் இல்லாமல் ஒரு பச்சை இலையைக் கொளுத்திப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

இது தும்பை, துளசிக் குடும்பம். பெருந்தும்பை என்றும், காய்ச்சலைத் தணிப்பதால் வெதுப்படக்கி என்றும் பெயர் உண்டு. பல் முளைக்கும் வயதில் குழந்தை விடாமல் அழுது, வயிறு போய், உடம்பு கொதித்தால் 'ஏதோ அண்டிவிட்டது' என்று அன்றைக்கு நினைத்தார்கள். என் அம்மா இந்த இலையைக் கொதிக்கவைத்து, ஆவி அறைக்குள் பரவும்படி தொட்டில் பக்கத்தில் சட்டியைத் தள்ளி வைப்பார். வீடே மூலிகை வாசனையாக இருக்கும். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் இன்று கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் உப்புச் சர்க்கரைக் கரைசலும் மருத்துவரும்தான் முதலில்.

கொடைக்கானலில் வேலியோரம் தொங்கும் பெரிய மணிப்பூவைத் 'தேவதை எக்காளம்' என்றார்கள். நம் ஊமத்தையைப் 'பிசாசு எக்காளம்' என்கிறார்கள். இரண்டும் உறவா? (வாசகி, பழனி)

நெருங்கிய உறவு. இரண்டும் கத்தரிக் குடும்பம். பூ தலைகீழாகத் தொங்கினால் தேவதை, வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றால் பிசாசு. அவ்வளவுதான் பெயரில் உள்ள வேறுபாடு. நஞ்சில் வேறுபாடே இல்லை. அட்ரோபின், ஹையோசயமின், ஸ்கோபலமின் இரண்டிலும் உண்டு. பூ, இலை, விதை எதைத் தின்றாலும் வாய் வறண்டு, கண்மணி விரிந்து, உடம்பு கொதித்து, ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்ற ஆரம்பிப்பார்கள். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப்போனால் நேரம் போய்விடும். 108க்கு அழையுங்கள், தின்ற செடியின் ஒரு கிளையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

எனக்கு ஊமத்தையை விடத் தேவதைப் பூவிடம்தான் பயம் அதிகம். ஊமத்தை என்றால் நம் பிள்ளைகளே ஒதுங்கிவிடுவார்கள். இந்த மலைப்பூவை அழகென்று பறித்து முகர்ந்து, தலையிலும் வைத்துக்கொள்கிறார்கள். தென்னமெரிக்க மலைகளில் இதன் எல்லா இனங்களும் காட்டில் அற்றுப்போய்விட்டன, இப்போது மனிதர் நட்டு வளர்ப்பவை மட்டுமே இருக்கின்றன. அதனால் அழிக்கச் சொல்ல மாட்டேன். கைபட்டால் கழுவுங்கள், பள்ளிக்கூட வேலியில் மட்டும் வைக்க வேண்டாம்.

பெருங்காயத்தை ஜெர்மன்காரர்கள் 'பிசாசின் மலம்' என்பது உண்மையா? (வாசகர், கும்பகோணம்)

உண்மைதான், ஆங்கிலத்திலும் அப்படி ஒரு பெயர் உண்டு. கந்தகச் சேர்மங்களின் நாற்றம் அப்படிச் சொல்ல வைத்தது. எண்ணெயில் பொரிந்த பிறகு அது எப்படி மாறும் என்பது ரசம் வைக்கும் நம் வீடுகளுக்குத் தெரியும்.

ஈரான், ஆப்கானிஸ்தான் மலைகளின் செடி அது. வேரைக் கீறி வடியும் பாலைக் காயவைத்தால் பெருங்காயம். இவ்வளவு தின்னும் நாம் ஆண்டுக்குச் சுமார் 1,200 டன் இறக்குமதி செய்துவந்தோம். 2020 அக்டோபரில்தான் பாலம்பூர் ஆராய்ச்சி நிறுவனத்தார் இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் முதல் நாற்றை நட்டார்கள். பால் எடுக்கும் அளவுக்கு வேர் திரள ஐந்து வருடமாவது ஆகும்.

எங்கள் ஆற்றங்கரை முழுக்கப் பேய்க்கரும்பு மண்டிக் கிடக்கிறது. இதனால் யாருக்காவது பயன் உண்டா? வயலுக்குள்ளும் நுழைகிறது. (விவசாயி, முசிறி)

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. நாணல் என்று பல ஊர்களில் சொல்லும் இந்தப் புல் இல்லாவிட்டால் இந்தியாவின் சர்க்கரை வரலாறே வேறாக இருந்திருக்கும்.

நூறு வருடத்துக்கு முன் வட இந்தியாவில் பயிரானது மெல்லிய நாட்டுக் கரும்பு, விளைச்சல் குறைவு. தெற்கத்திக் கரும்பு தடித்து இனிக்கும், ஆனால் வடக்கின் குளிரும் வறட்சியும் அதற்குத் தாங்காது. கோயம்புத்தூரில் கரும்பு நன்றாகப் பூக்கும் என்பதால் 1912இல் அங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கினார்கள். அங்கே பார்பர், டி. எஸ். வெங்கட்ராமன் என்ற விஞ்ஞானிகள் இருவரும் இனிப்புக் கரும்பை இந்தக் காட்டுப் புல்லோடு சேர்த்தார்கள். பிறந்தது கோ 205 என்ற கரும்பு ரகம். 1918இல் பஞ்சாபுக்குப் போனது. சாறு இனிப்புக் கரும்பிடமிருந்து, தாக்குப்பிடிக்கும் வலு பேய்க்கரும்பிடமிருந்து. பின்னால் உலகெங்கும் பயிரான கரும்பு ரகங்கள் பலவற்றில் இந்தப் புல்லின் ரத்தம் ஓடுகிறது. 1930களில் நம் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் அதே நிலையத்தில் இதன் குரோமோசோம்களை ஆராய்ந்தார். பெண்கள் ஆய்வகத்துக்குள் போவதே அரிதாக இருந்த காலம் அது. என் மாணவிகளுக்கு அவரைப் பற்றிச் சொல்லாமல் ஒரு வருடமும் நான் பாடத்தை முடித்ததில்லை.

ஆற்றங்கரையில் இருப்பதை அப்படியே விடுங்கள். அதன் வேர் கரை மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. வயலுக்குள் வந்ததை விதைக்காகக் காத்திருக்காமல் பூக்கும் முன் அறுங்கள். அறுத்தால் மட்டும் போகாது, மண்ணுக்குள் கிழங்கு ஓடியிருக்கும். கோடையில் ஆழ உழுது, கிழங்குகளைப் பொறுக்கி வரப்பில் வெயிலில் காயப்போடுங்கள். ஒரு வருடத்தில் தீராது, இரண்டு மூன்று கோடை தொடர்ந்து செய்ய வேண்டியிருக்கும்.