கிராவல் சைக்கிளுக்கு ஏற்ற மலை எது? என் பதில் ஜவ்வாது மலை

கேள்வி: புதிதாக கிராவல் சைக்கிள் (தார் ரோட்டிலும் மண், ஜல்லிப் பாதையிலும் ஓட்டக்கூடிய அகல டயர் சைக்கிள்) வாங்கியிருக்கிறேன். வண்டி நடமாட்டம் குறைந்த மலைக் கிராமப் பாதைகளில் ஓட்ட ஆசை. தமிழ்நாட்டில் எங்கே தொடங்கலாம்? என்ன தயார் செய்துகொள்ள வேண்டும்?

ஜவ்வாது மலையில் தொடங்குங்கள். மலை என்றதும் எல்லோரும் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும்தான் கிளம்புகிறார்கள். அந்த இரண்டு ஊருக்கும் 2024 மே மாதம் முதல் வண்டிகளுக்கு இ-பாஸ் கேட்கும் அளவுக்குக் கூட்டம் பெருகிவிட்டது. கார் வரிசைக்கு நடுவே புகையைக் குடித்துக்கொண்டு ஏறுவதற்கு கிராவல் சைக்கிள் எதற்கு? சுற்றுலாக்காரர்கள் அதிகம் எட்டிப் பார்க்காத கிழக்குத் தொடர்ச்சி மலைகள்தான் இந்த சைக்கிளுக்குச் சரியான இடம். அவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஜவ்வாது. திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை என மூன்று மாவட்டங்களில் விரிந்து கிடக்கிறது. மலை மேலே ஏறிவிட்டால் மேடும் பள்ளமுமாகப் பெரிய நிலப்பரப்பு. நடுவில் ஜமுனாமரத்தூர், சுற்றிலும் மலையாளிப் பழங்குடி மக்களின் சின்னச் சின்ன ஊர்கள்.

முதல் முறை போகிறவர்களுக்கு வாணியம்பாடிப் பக்கமிருந்து ஆலங்காயம், காவலூர் வழியாக ஏறும் பாதையைச் சொல்வேன். காவலூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம்தான். அங்கேதான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. நகர வெளிச்சம் எட்டாத இடம் வேண்டும் என்று 1960களில் தேர்ந்தெடுத்த ஊர் அது. 1986இல் 2.3 மீட்டர் தொலைநோக்கி வந்தது. சைக்கிள்காரர்களுக்கும் அதே காரணங்களால்தான் இந்த மலை பொருந்துகிறது: பெரிய ஊர் இல்லை, தொழிற்சாலை இல்லை, லாரி குறைவு. காவலூரிலிருந்து ஜமுனாமரத்தூர் வரை தார் ரோடு. அதிலிருந்து குக்கிராமங்களுக்குப் பிரிகிற கிளைப் பாதைகளில்தான் உங்கள் சைக்கிளுக்கு வேலை. தார் பெயர்ந்து ஜல்லி மட்டும் மிஞ்சிய பாதை, அப்புறம் செம்மண், ஊருக்குள் நுழைந்ததும் சிமெண்ட் ரோடு, ஊர் முடிந்ததும் மறுபடி மண். சாதாரண ரோடு பைக்கின் ஒல்லி டயர் இதில் திணறும். எம்.டி.பி. எனும் மவுண்டன் பைக் தாங்கும், ஆனால் தார் ரோட்டில் அதை மிதிப்பது பெரும்பாடு.

திருப்பத்தூர்ப் பக்கம் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று ஊராட்சிகள் உண்டு. கால் கொஞ்சம் பழகியபின் அந்தப் பக்கம் போங்கள்.

சரி, சைக்கிளுக்கு வருவோம். டயர் 40 மி.மீ. அகலம் இருந்தால் நிம்மதி. காற்றை நிறைய அடிப்பதுதான் பலரும் செய்வது. கல் பாதையில் கல்லு மாதிரி இறுகிய டயர் ஒவ்வொரு ஜல்லியிலும் குதிக்கும். பிடிமானம் போகும், உள்ளங்கையும் தோளும் வலிக்கும். 70 கிலோ எடை உள்ளவர் ட்யூப்லெஸ் என்றால் 30 முதல் 35 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வைத்துப் பார்க்கலாம், ட்யூப் என்றால் 40 முதல் 45. ட்யூபில் அதற்கும் கீழே போனால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி பஞ்சராகும். நம் ஊரில் ட்யூப்லெஸ்ஸுக்கு இன்னொரு காரணமும் உண்டு: மலை அடிவாரம் முழுக்க முள். சீமைக் கருவேல முள் குத்தினாலும் உள்ளே ஊற்றியிருக்கும் சீலன்ட் என்ற திரவம் ஓட்டையைப் பெரும்பாலும் அடைத்துவிடும். நம் வெயிலுக்கு அது சீக்கிரம் காயும், அதனால் கிளம்புவதற்கு முன் டயரைக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே தளும்பும் சத்தம் இல்லையென்றால் ஊற்றிவிட்டுப் போங்கள். மாற்று ட்யூப் ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும்.

சைக்கிளின் விலையைவிட கியர்தான் முக்கியம் என்பது என் திடமான கருத்து. முன்னால் பெடல் பக்கத்துப் பல்சக்கரம் 40 பல், பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரம் 42 பல் என்றால், நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் மணிக்கு ஏழரை கி.மீ. வேகத்தில் ஏறலாம். முன்னால் 34, பின்னால் 28 என்றால் அதே மிதிக்கு ஒன்பதரை கி.மீ. போயாக வேண்டும். 10 சதவீத ஏற்றத்தில், அதுவும் தளர்ந்த மண்ணில், அந்த இரண்டு கி.மீ. வித்தியாசம்தான் மிதித்து ஏறுவதையும் இறங்கித் தள்ளுவதையும் முடிவு செய்யும். மண் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்காதீர்கள், பின்சக்கரம் வழுக்கும். உட்கார்ந்தபடியே மெதுவாக ஏறுங்கள்.

இறக்கத்தில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். வளைவுக்குள் போன பிறகு பிரேக் பிடிப்பதல்ல, வளைவு வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். பஸ் திரும்பும்போது முழு ரோட்டையும் எடுத்துக்கொள்ளும், அதன் ஹாரன்தான் உங்களுக்குக் காவல். காதில் பாட்டு வேண்டாம். அறுவடைக் காலத்தில் கேழ்வரகுக் கதிரையும் சாமைக் கதிரையும் ரோட்டில் பரப்பிக் காயவைப்பார்கள். அதன் மேல் ஏற்றாதீர்கள். அது அவர்களின் ஆண்டு உழைப்பு. தவிர, கதிரின் தாள் பின் கியரில் சுற்றிக்கொண்டால் கியரை மாற்றும் டீரெய்லரே உடையலாம். இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள், பெரியவர்கள் இருந்தால் இரண்டு வார்த்தை பேசுங்கள்.

பாதை தேர்வில் மொபைல் மேப்பை முழுதாக நம்ப வேண்டாம். காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதையையும் அது ரோடு என்று காட்டும். நான் டீக்கடையில் கேட்பது இதுதான்: "அண்ணா, இந்த வழியா பஸ் போகுமா, ஜீப் போகுமா?" பஸ் போகும் என்றால் யோசிக்காமல் போகலாம். ஜீப் மட்டும் போகும் என்றால் சில இடங்களில் தள்ள வேண்டியிருக்கும், ஆனால் அந்தப் பாதைகள்தான் நமக்கு வேண்டியவை. நடந்துதான் போகணும் என்றால் திரும்பிவிடுங்கள். அது பெரும்பாலும் காப்புக்காடு, அனுமதியில்லாமல் நுழைவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேல் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகும் கோடையில் காட்டுப் பாதையில் சைக்கிளை இறக்குவதை என்னால் ஏற்க முடியாது. ஊருக்கு ஊர் போகும் பாதைகளே அலுக்காத அளவுக்கு இருக்கின்றன.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மழை முடிந்து மண் இறுகியிருக்கும், வெயிலும் ஏறாது. கிளை ஊர்களில் கடை இருக்கும் என்று நம்பாமல் இரண்டு பாட்டில் தண்ணீரும் கடலை மிட்டாயும் எடுத்துக்கொள்ளுங்கள். சிக்னல் பல இடங்களில் கிடைக்காது, மேப்பை முன்பே இறக்கி வையுங்கள், யாராவது ஒருவரிடம் பாதையைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். திரும்பும்போது ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர்ப் பக்கம் இறங்கினால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. ஆனால் அந்த இறக்கத்தை இருட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள், மூன்று மணிக்குள் ஜமுனாமரத்தூரை விட்டுக் கிளம்பிவிடுங்கள். கிளம்பும் முன் பிரேக் பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.