புள்ளிக் கணக்கும் பங்குக் கணக்கும்

ஆச்சி, அமெரிக்காவில் கம்ப்யூட்டர் தொழிலில் கோடி கோடியாகச் சம்பாதித்தவர்கள் சிலர் ஜனநாயகமே வேண்டாம் என்கிறார்களாமே, நிஜமா? எங்கள் வகுப்பில் ஒருவர் “நாட்டை நல்ல கம்பெனி மாதிரி ஒரே ஆள் நடத்தினால் என்ன தப்பு?” என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
- கல்லூரி மாணவி, பள்ளத்தூர்

நிஜம்தான் தாயி. எல்லாரும் அப்படி இல்லை, ஆனால் சொல்கிறவர்கள் சின்ன ஆட்கள் இல்லை. பேபால் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரும் ஃபேஸ்புக்கில் ஆரம்பத்திலேயே பணம் போட்டவருமான பீட்டர் தீல், 2009-ல் ஒரு கட்டுரையில் சுதந்திரமும் ஜனநாயகமும் ஒத்துப்போகும் என்று தான் இனி நம்பவில்லை என்று எழுதினார். அதே கட்டுரையில், 1920-க்குப் பிறகு அரசு உதவி பெறுவோர் பெருகியதும் பெண்களுக்கு ஓட்டு கிடைத்ததும் முதலாளித்துவ ஜனநாயகத்துக்கு நம்பிக்கை இல்லாமல் செய்துவிட்டது என்கிற மாதிரியும் எழுதினார். பெண்களின் ஓட்டைப் பிடுங்கச் சொல்லவில்லை என்று பிறகு விளக்கம் கொடுத்தார். சரி, ஆனால் முதலில் எழுதியதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. இன்னொருவர் கர்டிஸ் யார்வின், மென்பொருள் எழுதுகிறவர். 2007 முதல் புனைபெயரில் எழுதிவந்தார். நாடு ஒரு கம்பெனி, அதற்கு ஒரு தலைமை அதிகாரி, அவர் ராஜா மாதிரி ஆளட்டும், அரசு ஊழியர்கள் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பு என்பது அவர் வாதம்.

உன் வகுப்புக்காரருக்கு நம் ஊரை வைத்தே பதில் சொல்லலாம். நம் நகரத்தார் பர்மாவில் கிட்டங்கி போட்டு வட்டிக்கடை வைத்திருந்த காலத்தில் கடையில் முதலாளி சொன்னதுதான் சட்டம். மேலாள், அடுத்தாள், கீழே பெட்டியடிப் பையன் என்று ஒரு வரிசை, பெட்டியடிப் பையன் எதிர்த்துப் பேச முடியாது. வியாபாரத்துக்கு அது ஓடும், பிடிக்கவில்லை என்றால் வேறு கடைக்குப் போகலாம். அதே முதலாளி ஊருக்குத் திரும்பி வந்து நகரத்தார் கோயிலில் பேர் எழுதும்போது என்ன கணக்கு? கல்யாணம் ஆன ஒரு ஜோடி ஒரு புள்ளி. ரங்கூனில் பத்துக் கடை இருந்தாலும் ஒரு புள்ளிதான், ஓடு வேய்ந்த சின்ன வீட்டில் இருந்தாலும் ஒரு புள்ளிதான். அதிலும் குறை உண்டு, பெண்ணுக்கென்று தனிப் புள்ளி கிடையாது, மற்ற சாதிக்காரர்களுக்கு அதில் இடமே இல்லை, அதை மறைத்து நான் பெருமை பேச மாட்டேன். ஆனால் கடையையும் ஊரையும் ஒரே கணக்கில் எழுதக்கூடாது என்பது அந்தப் பெரியவர்களுக்கே தெரிந்திருந்தது. கம்பெனியில் பங்குக்கு ஒரு ஓட்டு, பங்கு இல்லாதவருக்கு ஓட்டே இல்லை. நாடு கம்பெனி ஆனால் நீயும் நானும் அங்கே யார்? வேலைக்காரர், இல்லை வாடிக்கையாளர்.

வெள்ளைக்காரன் காலத்தில் இங்கேயும் அப்படித்தான் இருந்தது. சென்னை மாகாணத்தில் 1921-லேயே பெண்ணுக்கு ஓட்டு வந்தது, ஆனால் சொத்து இருந்தவளுக்குத்தான். 1952 தேர்தலில்தான் எங்கள் அப்பத்தாவும், எங்கள் வீட்டில் நெல் குத்திய அம்மாவும் ஒரே வரிசையில் நின்றார்கள். விரல் மையை அப்பத்தா இரண்டு நாள் சீயக்காய் படாமல் காப்பாற்றி வைத்திருந்ததாம், வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுவதற்கு.

எழுதுகிறவன் எழுதிவிட்டுப் போகட்டும், ஓட்டுப் போடுவது மக்கள்தானே? எதற்குப் பயம்?
- வாசகர், தேவகோட்டை

எழுத்தோடு நின்றிருந்தால் நானும் பயப்பட மாட்டேன் அண்ணே. தீலின் முதலீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர் ஜே.டி. வான்ஸ். 2022-ல் அவர் செனட் தேர்தலில் நின்றபோது தீல் போட்ட பணம் ஒன்றரைக் கோடி டாலர். யார்வின் சொன்னதை மேற்கோள் காட்டிப் பேசிய அதே வான்ஸ் 2025 ஜனவரியில் துணை ஜனாதிபதி ஆகிவிட்டார். எலான் மஸ்க் 2022-ல் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கினார், 2024 தேர்தலில் 25 கோடி டாலருக்கும் மேல் இறக்கினார், அப்புறம் யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காமலே அரசு அலுவலகங்களில் ஆட்குறைப்பு செய்கிற வேலைக்குத் தலைமை தாங்கினார். ஓட்டு நம்முடையதுதான், ஆனால் யார் நிற்பது, எந்தச் செய்தி நம் கைப்பேசிக்கு வருவது என்பதெல்லாம் அதற்கு முன்னாலேயே முடிவாகிவிடுகிறது. நம் நாட்டிலும் யார் எந்தக் கட்சிக்குக் கொடுத்தார் என்றே தெரியாமல் தேர்தல் பத்திரங்கள் 2018-லிருந்து ஓடின. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொன்ன பிறகுதான் பேர்கள் வெளியே வந்தன.

பாலாஜி ஸ்ரீனிவாசன் என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் தொழிலதிபர் இணையத்தில் ஆள் சேர்த்துப் புது நாடே உண்டாக்கலாம் என்கிறார். நம்மவர்களும் கடல் கடந்து கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்யப் போனவர்கள்தானே ஆச்சி?
- வாசகர், கண்டனூர் (இப்போது சிங்கப்பூர்)

போனவர்கள்தான் தம்பி, ஆனால் போன இடத்தில் தனி நாடு கேட்கவில்லை. பர்மாவில் வட்டியும் நிலமுமாகச் சேர்ந்ததில் அந்த ஊர் விவசாயிக்கு வந்த கோபமும் நம் கணக்கில்தான் இருக்கிறது, சுதந்திரத்துக்குப் பிறகு அந்த நாடு நிலத்தை எடுத்துக்கொண்டது, நம் வீடுகள் பல இடிந்து பூட்டிக் கிடப்பதற்கு அது ஒரு காரணம். பாலாஜி மாதிரி ஆட்கள் கேட்பது அந்தக் கோபமே தங்களைத் தொடமுடியாத ஓர் இடம். ஹோண்டுராஸின் ரோவாட்டான் தீவில் புரோஸ்பெரா என்ற தனிச் சட்ட நகரம் அப்படி வந்தது, தீல் பணம் இருக்கிற ஒரு நிதி நிறுவனமும் அதில் முதலீடு போட்டிருக்கிறது. 2022-ல் அந்த நாட்டு நாடாளுமன்றம் அப்படிப்பட்ட நகரங்களுக்கு இடம் கொடுத்த சட்டத்தை ரத்து செய்தது. அந்த ஆண்டே கம்பெனி 1,000 கோடி டாலருக்கும் மேல் நஷ்டஈடு கேட்டு சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போய்விட்டது. ஓர் ஏழை நாட்டின் மக்கள் பிரதிநிதிகள் ஒரு சட்டத்தை மாற்றியதற்கு இவ்வளவு விலை!

பாலாஜி அந்தப் புது நாட்டு யோசனைக்காக 2024-ல் பள்ளி தொடங்கியது மலேசியாவின் ஜொகூரில், உங்கள் பக்கத்தில்தான். போய்ப் பார்த்தால் அங்கே தரை கூட்டுகிறவருக்கு அந்தப் புது நாட்டில் ஓட்டு உண்டா என்று கேட்டு எழுதுங்கள்.

அழகப்பச் செட்டியார் மாதிரி வள்ளல்கள் ஆண்டால் நல்லதுதானே?
- இல்லத்தரசி, கானாடுகாத்தான்

அவர் காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் மத்திய அரசுக்குக் கொடுத்தார். 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். நான் கையெடுத்துக் கும்பிடுவது அந்தக் கொடுத்த கைக்கு. அதற்காக அவர் ஓட்டுக்கு இரண்டு மதிப்பு என்று யாரும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள் ஆச்சி.

எங்கள் ஊரில் கிராம சபைக்குப் பத்துப் பேர்கூட வருவதில்லை. அடுத்தது எப்போது?
- வார்டு உறுப்பினர், சாக்கோட்டை ஒன்றியம்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருகிற தேதிக்கு முந்தின நாளே தெருத்தெருவாகத் தண்டோரா போடச் சொல்லுங்கள். கூலி வேலைக்குப் போகிற பெண்களுக்கு நேரம் ஒத்துவருகிற மாதிரி வையுங்கள், வரவு செலவை உரக்கப் படியுங்கள். பதினோராவது ஆளாக நான் வருகிறேன்.