சுரங்கம் மூடிப்போன ஊரை மீட்டெடுக்க நீண்டகாலத் திட்டம் போடுவதென்றால் எதில் தொடங்க வேண்டும்?

கேள்வியைப் பார்த்தால் நீங்களும் அப்படி ஓர் ஊருக்குத் திட்டம் எழுத உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. எடுத்த எடுப்பில் சுற்றுலா, அருங்காட்சியகம் என்று எழுதிவிடாதீர்கள். முதலில் வீடுகள் யார் பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள்.

நான் கோலார் தங்கவயல்காரன். தாத்தா, அப்பா இரண்டு பேரும் சாம்பியன் ரீஃபில் இறங்கியவர்கள். பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது. 1902-லேயே காவிரிக்கரை சிவனசமுத்திரத்து நீர்மின் நிலையத்திலிருந்து கரண்ட் வந்த ஊர். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். வேலையும் வீடும் ஒரே கம்பெனியிடமிருந்து வந்ததால், வேலை போன அன்றே வீடும் நம்முடையதுதானா என்ற சந்தேகம் வந்துவிட்டது. தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று எங்களுடையது. அதன் கூரை ஷீட்டில் விரிசல் விட்டபோது அப்பா தாரையும் சாக்குத் துணியையும் வைத்து அடைத்தார், புது ஷீட் வாங்கவில்லை. கையில் காசு இல்லாமல் இல்லை. பட்டா இல்லாத வீட்டில் காசைப் போட்டு, நாளைக்கே காலி செய்யச் சொன்னால்? லைன் முழுக்க அப்படித்தான் யோசித்தார்கள். கடன் கேட்டுப் போனாலும் பத்திரம் எங்கே என்பார்கள்.

அடுத்தது மண். தங்கம் பிரித்த கழிவு ஊருக்குள்ளேயே மேடு மேடாகக் கிடக்கிறது, சைனைடு மலை என்போம். காற்றுக் காலத்தில் அந்த வெள்ளைத் தூசி கொடியில் காயும் துணி, சோற்றுப் பானை என்று எல்லாவற்றிலும் படியும். அதில் மிச்சமுள்ள தங்கத்தை எடுக்கலாம் என்ற பேச்சு ஓயவே இல்லை. எடுக்கட்டும், ஆனால் அதுவரை தூசியை யார் அடக்குவது?

"வேலை இல்லாத ஊரில் பட்டாவை வைத்துக்கொண்டு என்ன செய்ய" என்று யாராவது கேட்பீர்கள். இன்றைக்கும் விடியுமுன்னே இங்குள்ள மாரிக்குப்பம் ஸ்டேஷனில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஊரை விட மனசில்லாமல்தான் அந்த அலைச்சல். ரயில் நேரத்தையும் திட்டத்தில் சேருங்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் ஓர் அலுவலகத்தில் என் பெயரைக் கேட்டதும் "தமிழ்நாட்டிலிருந்து எப்போது வந்தீர்கள்?" என்றார்கள். கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து இங்கேதான் இருக்கிறோம், கன்னடமும் நன்றாகவே பேசுவேன். அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது.

சரி, உங்கள் ஊரில் வீட்டு நிலம் கம்பெனி பெயரிலா, அரசு பெயரிலா? அதைச் சொன்னால் மேற்கொண்டு எழுதுகிறேன்.